புத்தாக்கத்தை எந்தப் படியால் அளப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



சிறுவர் நாடகத்திற்கும் இரவு விருந்திற்கும் நடுவே நமக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் கட்டபொம்மன் இன்னும் மீசையைக் கழற்றி முடிக்கவில்லை. பந்தலின் மறுபுறத்திலிருந்து சாம்பார் மணம் வந்துவிட்டது. ஆகவே முகவுரையை நீட்டாமல் பொருளுக்கு வருவோம்.

"தொழிலில் புத்தாக்கம்" என்னும் தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "இது ஆண்டு விழாவா, நிர்வாகக் கல்லூரியா?" என்று வினவினார். கேள்வி நியாயமானதே. எனினும் அவரும் சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை முழுதும் செலவிட்டுத் தம் அலுவலகத்திற்காகப் புத்தாக்கப் படிவம் நிரப்பியவர்தாம். வடோதராவைச் சுற்றியுள்ள ஆலைகளையும் ஆய்வகங்களையும் வங்கிகளையும் நம்பி இங்கே குடியேறிய குடும்பங்கள் நாம். ஆண்டுக்கு ஒருமுறை, "நீ என்ன புதிதாகச் செய்தாய்?" என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டிய நிலையில் நம்மவர் பலர் இருக்கின்றனர். அவ்விடையைப் பொறுத்தே ஊதிய உயர்வும், சில வேளைகளில் வேலையுங்கூட, அமைகின்றன. எது புதிது, அதை எவ்வாறு அளப்பது என்பது ஆகையால் வீட்டுக் கவலையும் ஆகும்.

இட்லி மாவிலிருந்தே தொடங்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மையார் மாவரைத்து அண்டை வீடுகளுக்கு விற்கத் தொடங்கினார். முதலில் வாங்கியவர்கள் நம்மவர். பின்னர்க் குஜராத்திக் குடும்பங்களும் பாத்திரத்தோடு வந்து நின்றன. இது புத்தாக்கமா? மாவு புதிதன்று, அரைக்கும் கல்லும் புதிதன்று. கும்பகோணத்தில் எவரும் இதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் இத்தெருவில் அதற்கு முன் இல்லாத ஒரு பொருள் நாள்தோறும் கிடைக்கலாயிற்று. அதைப் பலர் பயன்படுத்தலாயினர்.

அறிஞர்கள் இதற்கு என்ன விடை கூறுவர்? ஆஸ்திரியப் பொருளியலறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1911-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டு, 1934-இல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில், தொழில் வளர்ச்சியை உந்தும் 'புதிய சேர்க்கைகள்' ஐந்து வகைப்படும் என்றார். புதிய பொருள், புதிய செய்முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய ஊற்று, தொழிலைப் புதிதாக ஒழுங்கமைத்தல் என்பன அவை. புதுப்புனைவு வேறு, புத்தாக்கம் வேறு என்பதையும் அவர் வற்புறுத்தினார். ஒன்றை முதன்முதலில் எண்ணிக் கண்டவன் புனைந்தவன்; அதைத் தொழிலுக்குள் கொண்டுவந்து நடத்திக் காட்டியவன் புத்தாக்கம் செய்தவன். இருவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

பிற்காலத்தில் அரசுகள் இதைக் கணக்கெடுக்க விரும்பின. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1992-இல் 'ஆஸ்லோ கையேடு' என்ற வழிகாட்டியை வெளியிட்டு, 1997, 2005, 2018 ஆகிய ஆண்டுகளில் திருத்தியது. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பின் வரையறையைச் சுருக்கிச் சொன்னால், ஒரு நிறுவனத்தின் முந்தைய பொருளிலிருந்தோ செய்முறையிலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டதாய், பயன்படுத்துவோர்க்குக் கிடைக்கச் செய்யப்பட்டதாய் அல்லது நடைமுறைக்கு வந்ததாய் இருப்பதே புத்தாக்கம். உலகுக்கே புதிதாய் இருக்க வேண்டுவதில்லை. அந்நிறுவனத்திற்குப் புதிதாயிருந்தால் போதும். வெற்றி பெற்றே தீர வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அலமாரியில் உறங்கும் திட்டம் சேராது. நம் மாவு அம்மையார் இக்கையேட்டின்படி தேறிவிடுவார். கோப்பில் மட்டும் வாழும் எத்தனையோ 'மாபெரும் திட்டங்கள்' தேறமாட்டா. இவ்வரையறையில் நாம் பெரிதும் போற்றுவது இந்தப் பகுதியைத்தான்.

வரையறை எளிது, அளப்பதில்தான் இடர்ப்பாடு. அதைக் காண நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. மும்பை வண்டியில் ஏறாமல் அகமதாபாத் வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் ஆனந்த் வந்துவிடும்.

அந்த ஊரின் கதையை மேலெழுந்தவாரியாக அனைவரும் அறிவோம். கேடா மாவட்டத்து உழவர்கள் தரகர்களின் கொடுமை தாளாது 1946-இல் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தனர். திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராய் நின்றார். சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன், 1949-இல் அரசாங்க வெண்ணெய்ச் சாலை ஒன்றில் வேலை பார்க்க அவ்வூருக்கு வந்தார். விருப்பமின்றி வந்தவர் திரும்பிப் போகவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அவர்களுக்கு நேர்ந்த ஒரு நெருக்கடியை. கேடா மாவட்டத்தில் பெரும்பாலும் எருமைகள். எருமை குளிர்காலத்தில் மிகுதியாய்க் கறக்கும், கோடையில் குறைந்துவிடும். மும்பை நகரத்தின் தேவையோ ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவு. எனவே மார்கழி, தை மாதங்களில் உழவன் கொணரும் பாலை முழுதும் வாங்க இயலவில்லை. "இன்று உன் பால் வேண்டாம்" என்ற சொல், சங்கத்தில் சேர்ந்த உழவனைப் பழைய தரகனிடமே திருப்பி அனுப்பிவிடும். மிகுதியான பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் ஆக்கிச் சேமிப்பதே வழி. ஆனால் உலகத்துப் பால்தொழில் இயந்திரங்கள் யாவும் பசுவின் பாலை மனத்திற்கொண்டு அமைந்தவை. கொழுப்பு மிகுந்த எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்பது அந்நாளைய வல்லுநர் பலரின் முடிவு.

முடியும் என்றவர் எச். எம். டலாயா என்னும் பால்தொழில் வல்லுநர். குரியனின் அமெரிக்கக் கல்விக்காலத் தோழர். வர்ணம் பீய்ச்சும் கருவியையும் காற்றைச் சூடாக்கும் சாதனம் ஒன்றையும் இணைத்து, எருமைப்பாலைப் பனிபோல் தெளித்து உலரவைத்துக் காட்டினார் என்று கூறுவர். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், ஜவாஹர்லால் நேரு ஆனந்தில் பால்பவுடர் ஆலையைத் திறந்துவைத்தார். எருமைப்பாலிலிருந்து வணிக அளவில் பவுடர் செய்த முதல் ஆலை அது என்பர். பின்னர் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது; அதைப் பெருமளவில் செய்து கடைகளுக்கு அனுப்பியது ஆனந்த். ஷும்பீட்டர் பிரித்த இரண்டும் இங்கே மைசூராகவும் ஆனந்தாகவும் நிற்கின்றன.

ஆயினும் ஆலையைக் காட்டிலும் வியப்பிற்குரியது கிராமச் சங்கத்தின் முற்றத்தில் நடந்தது. விடியற்காலையிலும் மாலையிலும் பெண்கள் பாற்பாத்திரத்துடன் வரிசையில் நிற்பர். முன்வந்தவர் முன்னே, பின்வந்தவர் பின்னே. சாதியின் பெயரால் எவரும் முந்த இயலாது. பால் அளக்கப்படும், சிறு குப்பியில் மாதிரி எடுக்கப்படும், அதிலுள்ள கொழுப்பு சோதிக்கப்படும், அதன்படி விலை. காலைப் பாலுக்கு மாலையில் பணம், மாலைப் பாலுக்கு மறுநாட் காலையில் பணம். தரகன் தன் படியால் அளந்து தன் வாயால் விலை சொன்ன காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுமை என்பது இங்கே ஓர் அளவுகோல்! அளவை நேர்மையானதனால் தண்ணீர் கலப்பதில் இலாபம் இல்லாமற்போயிற்று; நல்ல தீவனம் இட்டு நல்ல பால் கறந்தவளுக்கு மிகுதி கிடைத்தது.

அக்கொழுப்புச் சோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் என்னும் வேதியியலறிஞர், கந்தக அமிலத்தைப் பாலில் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்து அளக்கும் எளிய முறையை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை பெற அவர் விரும்பவில்லை. சற்றுப் பின்னர் ஸ்விட்சர்லாந்தின் கெர்பர் அதையொத்த சோதனையை அமைத்தார். நம் நாட்டுக் கூட்டுறவுகளில் வழங்கியது இதுவே.

இப்பொழுது, இன்று வழக்கிலுள்ள அளவுகோல்களை எடுத்துக்கொண்டு அந்த முற்றத்திற்குப் போவோம்.

முதலாவது அளவுகோல் ஆராய்ச்சிச் செலவு. அதை எவ்வாறு கணக்கிடுவது என்பதற்கு 1963-இல் இத்தாலியின் ஃபிராஸ்காட்டி நகரில் கூடிய வல்லுநர்கள் விதிகள் வகுத்தனர். இன்றும் நாடுகள் அவற்றையே பின்பற்றுகின்றன. செலவைக் கூட்டுவது எளிது. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் விளக்குக்கு எத்தனை எண்ணெய் ஊற்றினோம் என்பது வெளிச்சத்தின் அளவாகாது. கிராம முற்றத்தில் வரிசையை ஒழுங்குசெய்ய ஆராய்ச்சிச் செலவு என்று எவரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

இரண்டாவது காப்புரிமை எண்ணிக்கை. பாப்காக்கின் சோதனைக்கு இதில் கிடைப்பது சுழியம். பாலைப் பெற்றுச் சோதித்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பணம் தரும் முறைக்கும் சுழியமே; ஏனெனில் வணிக முறைகளுக்கு இந்தியச் சட்டம் காப்புரிமை வழங்குவதில்லை. மருந்துத் தொழிலிலும் இயந்திரத் தொழிலிலும் காப்புரிமை ஓரளவு உண்மையைச் சொல்லும் என்பதை நாம் மறுக்கவில்லை. பிற இடங்களில் அது பெரும்பாலும் வழக்கறிஞர்களின் சுறுசுறுப்பையே அளக்கிறது.

மூன்றாவது, மொத்த விற்பனையில் புதிய பொருள்களின் பங்கு. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் இதைப் புகழ்பெறச் செய்தது. கடந்த 5 ஆண்டுகளில் அறிமுகமான பொருள்களிலிருந்து விற்பனையின் 25 விழுக்காடு வரவேண்டும் என்று தன் பிரிவுகளுக்கு இலக்கு விதித்தது. முன்சொன்ன இரண்டினும் இது மேலானது. வாங்குபவர் ஒருவர் இருந்தாலன்றி எண் ஏறாது. ஆனால் சோப்பின் உறையை மாற்றிப் 'புதிது' என்று அச்சிட்டாலும் ஏறும் என்பதைக் கடைத்தெருவுக்குச் செல்லும் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இலாபம்? ஆனந்தில் அதுவும் பொய்யளவையே. கூட்டுறவின் நோக்கம் பணத்தைத் தன்னிடம் தேக்கிவைப்பதன்று. நுகர்வோர் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 80 காசு உற்பத்தியாளரைச் சேர்கிறது என்று அக்கூட்டுறவுகள் கூறுகின்றன. புதுமையின் பயன் நிறுவனத்தின் ஏட்டில் அன்று, உழவன் வீட்டு அடுக்களையில் சென்று தங்கியது.

அப்படியானால் எதைத்தான் அளப்பது? நம்மைக் கேட்டால், குளிர்காலத்தில் திருப்பியனுப்பப்பட்ட பால் எத்தனை லிட்டர் என்பதையே முதலில் கேட்போம். ஆலை வருவதற்கு முன் எத்தனை, வந்தபின் எத்தனை? அடுத்து, பாத்திரத்தை ஊற்றியதற்கும் கையில் காசு விழுந்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம்? இவை சிறிய எண்கள். அமைச்சரின் உரையில் இடம்பெறத் தக்கவை அல்ல. எனினும் என்ன மாறியது, யாருக்கு மாறியது என்பதைச் சொல்லும் எண்கள் இவையே.

பெரிய எண்கள் வேண்டுமெனில் அவையும் உண்டு. நாட்டின் பால் உற்பத்தி 1950-51-இல் ஏறத்தாழ 1.7 கோடி டன். 2023-24-இல் ஏறத்தாழ 23.9 கோடி டன். இவ்வளர்ச்சி முழுவதையும் ஆனந்தின் கணக்கில் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. நல்லின மாடுகள், தீவனம், நகரங்களின் பெருக்கம், தனியார் பால் நிலையங்கள் எனக் காரணங்கள் பல; கூட்டுறவின் வழியே செல்லாத பாலே இன்றும் மிகுதி. ஒரு விளைவில் ஒரு புதுமைக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பது பாலிலிருந்து நீரைப் பிரிப்பதினும் கடினம். அன்னப்பறவை இன்னும் பிறக்கவில்லை.

இங்கே எங்கள் அனுபவம் ஒன்றையும் கூறவேண்டும். அது பெருமைக்குரியதன்று.

எங்களிற் சிலர் முன்னர்ப் பணிபுரிந்த தொழிற்சாலை ஒன்றில் யோசனைப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியும் ஆண்டுக்கு இத்தனை யோசனைகள் தரவேண்டும் என்று மேலிடம் விதித்தது. மார்ச் மாதம் வந்ததும் பெட்டி நிரம்பி வழியும். படிக்கட்டுக்கு ஒரு விளக்கு, எச்சரிக்கைப் பலகைக்கு வேறு நிறம், உணவறைக்கு இரண்டாவது கடிகாரம்! எண்ணிக்கை உயர்ந்தது, சுவரில் தொங்கிய வரைபடமும் உயர்ந்தது. அதைத் தொகுத்து அனுப்பிய குழுவில் நாங்கள் இருந்தோம். பதவி உயர்வின்போது அவ்வரைபடத்தை மேற்கோள் காட்டவும் நாங்கள் தயங்கவில்லை.

அதே கூடத்தில் குஜராத்திப் பிட்டர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைக் 'காகா' என்றழைப்போம். இயந்திரத்தில் ஓர் அளவு உருப்படியிலிருந்து மற்றோர் அளவுக்குச் செட்டிங் மாற்ற அரை ஷிப்டு பிடிக்கும். காகா மரத்தில் ஓர் ஆப்புச் செதுக்கி, தகரத் துண்டொன்றில் இரண்டு கோடுகள் கீறி வைத்திருந்தார். அவற்றைப் பொருத்தினால் பிடிப்பு தானே நேராக வந்து அமரும். தேநீர் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். அவர் யோசனைப் பெட்டியில் எதுவும் இட்டதில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 'ஆண்டுக்கு மிச்சமாகும் தொகை' என்று ஒரு கட்டம் இருந்தது. "சாஹேப், தொகையை நான் எப்படி எழுதுவேன்?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு பார்க்கலாம் என்றோம். பார்க்கவில்லை. எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒவ்வோராண்டும் சுழியம் இருந்தது. அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிறு பரிசுத்தொகையும் கிடைக்கவில்லை.

காகா ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு புத்தாக்க விருதுக்காகத் தேர்வுக்குழு ஒன்று எங்கள் கூடத்தைப் பார்வையிட வந்தது. அதன் பொருட்டுக் கூடத்தைத் துப்புரவு செய்தபோது, மரத்துண்டும் தகரத்துண்டும் குப்பையென்று எண்ணி எடுத்தெறியப்பட்டன. எறியச் சொன்னவர்கள் நாங்கள். விருதும் வந்தது. செட்டிங் மாற்ற மீண்டும் அரை ஷிப்டு ஆகிறது என்பதைச் சில மாதங்கள் கழித்தே உணர்ந்தோம். அவர் வீட்டைத் தேடிச் சென்றோம். ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

பிரிட்டிஷ் பொருளியலறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கையைக் குறித்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் கொண்டே மனிதரை ஆட்டிவைக்கத் தொடங்கினால், அப்புள்ளிவிவரம் முன்போல் உண்மையைக் காட்டாது என்பது அதன் சாரம். அவர் பேசியது வங்கிகளைப் பற்றி. எங்களுக்கோ அதைப் படித்தபோது அந்த யோசனைப் பெட்டிதான் கண்முன் வந்தது.

நாட்டளவிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். உலகப் புத்தாக்கக் குறியீட்டில் இந்தியா 2015-இல் 81-ஆம் இடத்திலிருந்து 2024-இல் 39-ஆம் இடத்திற்கு உயர்ந்தது. மகிழ வேண்டியதே, மகிழ்வோம். அதே நாட்டில் ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் ஆன செலவு, 2020-21-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடே. ஓர் எண்ணைப் பார்த்தால் ஓடுகிறோம். மற்றொன்றைப் பார்த்தால் நிற்கிறோம். இரண்டிலும் நம் மாவு அம்மையாரோ காகாவோ இல்லை.

அளப்பதையே விட்டுவிடலாமா என்றால், கூடாது என்றே சொல்வோம். அளவை இல்லாத இடத்தில் உரத்த குரலுடையவனே புதுமை செய்தவனாகிவிடுவான். ஆனந்தின் உழவர்கள் தரகனின் வாய்ச்சொல்லிலிருந்து தப்பியது ஓர் அளவுகோலால்தான். ஆனால் அந்த அளவுகோல் பால் ஊற்றியவளின் கண்ணெதிரே இருந்தது. எண் தவறாயிருந்தால் அங்கேயே அவளால் கேட்க முடிந்தது. எங்கள் தொழிற்சாலை வரைபடத்தைக் காகா ஒருநாளும் பார்த்ததில்லை.

நம் காலனியில் சிறு பட்டறை நடத்தும் அன்பர் மூவர் சென்ற ஆண்டு எங்களிடம் ஒரு படிவம் தயாரித்துத் தரும்படி கேட்டனர். பல பக்கங்கள் எழுதிக் கிழித்தபின், ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தையே கொடுத்தோம். என்ன மாற்றினார்கள், அதை இன்று யார் பயன்படுத்துகிறார்கள், மாற்றியவர் நாளை வராவிட்டால் அது நிலைக்குமா என்பவற்றைத் தொழிலாளி தன் மொழியிலேயே சொல்ல, மற்றொருவர் எழுத வேண்டும். தொகைக்கு இடம் விடவில்லை. தொகையைக் கணக்கிடுவது முதலாளியின் வேலை. ஒரு பட்டறையில் நோட்டு பாதிக்குமேல் நிரம்பிவிட்டது. மற்றொன்றில் இரண்டு பக்கத்தோடு நின்றுவிட்டது. மூன்றாமவர் அதைக் கடன் கணக்கு எழுதப் பயன்படுத்துகிறார். அவரும் இங்கே அமர்ந்திருக்கிறார்; பெயர் சொல்லமாட்டோம்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்த் சென்றுவரச் செயற்குழு எண்ணியிருக்கிறது. ஆலையைக் காண்பதோடு, விடியற்காலையில் கிராமச் சங்கம் ஒன்றில் பால் அளப்பதையும் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்பது நம் விருப்பம். அமிலமும் குப்பியும் போய் இப்பொழுது மின்னணுக் கருவி நொடியில் எண்ணைக் காட்டுகிறது. வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு இருட்டோடு புறப்பட வேண்டும். வர விரும்பும் குடும்பத்தினர் விருந்து முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.